இறங்காத முள்

ஊசி என்ற பெயரை அவளுக்கு வைத்தது யார் என்று கடைத்தெருவில் விசாரித்தால் ஆளாளுக்கு நான்தான் என்பார்கள். அவ்வளவு பொருத்தமான பெயர். ஒல்லி உடம்பு, குத்தல் பேச்சு, எதிலும் மயிரிழை பிசகக் கூடாது. டீ கிளாஸை மேசையில் வைத்தால்கூட விளிம்பிலிருந்து அளந்து வைத்த மாதிரி இருக்கும். அவளும் அவள் அக்காவும் சேர்ந்து ஒரு பழுது பார்க்கும் பட்டறை நடத்தினார்கள். அக்காவுக்குப் பட்டப்பெயர் எதுவும் கிடையாது. வயதில் மூத்தவர்கள்கூட அவளை அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள்.

வட்ட முகமும் முள்ளும் உள்ள கருவிகள்தான் அங்கே வரும். ரொட்டி அடுப்பின் கதவில் பொருத்துகிற வெப்பமானி, குளிர்பதனக் கிடங்குச் சுவரில் இருக்கிற வெப்பமானி, மழையா வெயிலா என்று சொல்லும் காற்றழுத்தமானி. எதற்கும் மின்சாரம் வேண்டாம். சூட்டுக்கு உலோகம் வளையும், காற்றின் கனத்துக்கு உலோகம் அமுங்கும். கண்ணுக்கே தெரியாத அந்த அசைவைக் குட்டி நெம்புகோல்கள் பெரிதாக்கி முள்ளுக்குக் கொடுக்கும். வித்தை அவ்வளவுதான். ஆனால் அந்த நெம்புகோல்களுக்கு நடுவே கையை விடுகிறவளுக்குப் பொறுமை வேண்டும்.

ஊசிக்குப் பொறுமை இருந்தது, கருவிகளிடம் மட்டும். அக்காவிடம் கிடையாது. அக்காவின் மேசையில் ரொட்டித் துணுக்கு கிடக்கும், திருகாணிகள் டீ சாஸரில் மிதக்காத குறையாகக் கிடக்கும். வாடிக்கையாளர் வந்து உட்கார்ந்தால் போதும், காற்றழுத்தமானியின் முதுகைத் திறந்து காட்டிக் கதை சொல்ல ஆரம்பித்துவிடுவாள்.

"இந்த டப்பி இருக்கே, இதுக்குள்ள ஒண்ணுமே கிடையாது. காத்தைக்கூட உறிஞ்சி எடுத்து மூடியாச்சு. வெளிய காத்து கனத்தா அமுங்கும், லேசானா உப்பும். உள்ள ஒண்ணும் இல்லாததாலதான் வெளிய நடக்கறதெல்லாம் அதுக்குத் தெரியுது. என் தலை மாதிரின்னு வெச்சுக்குங்களேன்."

வந்தவர் சிரிப்பார். அக்கா அவரைவிடப் பலமாகச் சிரிப்பாள். சிரித்துக்கொண்டே பின்பக்கத் திருகையும் திருப்புவாள். ஊசிக்கு உடம்பு கூசும். வெட்கம்தான், வேறென்ன. இத்தனை வருஷமாக அக்காவை நினைத்து அவள் வெட்கப்பட்டுக்கொண்டிருந்தாள், அதை மறைக்கவும் இல்லை. "எதுக்கு என் மானத்தை வாங்கறே?" என்று ஆட்கள் முன்னாலேயே கேட்பாள். அக்கா உதட்டைக் கடித்துக்கொண்டு, "சரிடி, சரிடி" என்பாள்.

ஊருக்குப் பின்னால் ஒரு பெரிய ஏரி. ஏரிக்கு நடுவே ஒரு தீவு. தீவுக்காரர்கள் வேலைக்கும் பள்ளிக்கும் மருந்துக்கும் படகில்தான் வந்து போக வேண்டும். வானொலியில் சொல்லும் வானிலை அந்த ஏரிக்குப் பொருந்தாது. மலைக்குப் பின்னாலிருந்து திடீரென்று ஒரு காற்று இறங்கி ஏரியைப் புரட்டிப் போட்டுவிட்டுப் போய்விடும். அதனால் படகுத்துறை அலுவலகச் சுவரில் ஒரு காற்றழுத்தமானி உண்டு. அதில் இரண்டு முள். கறுப்பு முள் காற்றைச் சொல்வது. பித்தளை முள் வெறும் அடையாளத்துக்கு. காலையில் துறை அதிகாரி கண்ணாடியை விரல் முட்டியால் லேசாகத் தட்டிவிட்டு, பித்தளை முள்ளைத் திருப்பிக் கறுப்பு முள்ளின் மேல் நிறுத்துவார். மதியப் படகுக்கு முன்னால் மறுபடி தட்டிப் பார்ப்பார். கறுப்பு முள் நன்றாகக் கீழே இறங்கியிருந்தால் அன்றைக்குப் படகு கிடையாது. யார் கெஞ்சினாலும் கிடையாது.

அந்தக் கருவிதான் கோடைக்கு முன்னால் பட்டறைக்கு வந்தது. பழசு, எந்தக் கம்பெனியில் செய்தது என்றே தெரியவில்லை. உள்ளே அழுக்கு. இதை அக்கா கையில் கொடுத்தால் உருப்படாது என்று ஊசியே எடுத்துக்கொண்டாள். ஒவ்வொரு பாகமாகக் கழற்றித் துடைத்தாள். டப்பியிலிருந்து முள்ளுக்குப் போகும் வழியில், இரண்டு உலோகங்களை முதுகோடு முதுகு ஒட்டிய ஒரு சின்னப் பட்டை இருந்தது. நகத்தைவிடக் கொஞ்சம் நீளம், இரண்டு பக்கமும் ஒரே வெள்ளி நிறப் பூச்சு. காற்றழுத்தமானிக்குச் சூடு ஆகாது. சூட்டில் டப்பியைத் தாங்கும் வில் தளர்ந்து, டப்பி கூடுதலாக அமுங்கி, காற்று கனத்துவிட்டதாக முள் பொய் சொல்லும். அந்தப் பொய்க்கு எதிர்ப்பக்கமாக வளைந்து கணக்கை நேராக்குவதுதான் இந்தப் பட்டையின் வேலை. பட்டையின் ஒரு பக்கத்தில் அரத்தால் இழுத்த ஒரு கீறல் இருந்தது. எவனோ கைநடுங்கி அரத்தை நழுவவிட்டிருக்கிறான் என்று ஊசி முணுமுணுத்தாள். கீறலைப் பார்க்கப் பார்க்க அவளுக்குப் பொறுக்கவில்லை. தேய்த்தாள். இரண்டு பக்கமும் பளபளவென்று கண்ணாடி மாதிரி ஆகும்வரை தேய்த்தாள். பிறகு எல்லாவற்றையும் பூட்டினாள்.

கண்ணாடிக் கூண்டுக்குள் வைத்துப் பம்பால் காற்றை இழுத்தும் விட்டும் பார்த்தாள். முள் சொன்ன பேச்சைக் கேட்டது. அக்கா எட்டிப் பார்த்தாள்.

"சூட்டுப்பெட்டியில ஒரு தடவை வெச்சுப் பாத்துடலாமா?"

சூட்டுப்பெட்டி என்பது உள்ளே விளக்கு எரியும் ஒரு தகரப் பெட்டி. கருவியை அதில் வைத்துச் சூட்டில் எப்படி நடக்கிறது என்று பார்ப்பார்கள்.

"நான் கழட்டி நான் பூட்டினது. உன்னுது மாதிரின்னு நெனச்சியா?" என்றாள் ஊசி.

"சரிடி, சரிடி."

கடைசியாகப் பின்பக்கத் திருகைத் திருப்பி, ஏரியின் உயரத்துக்குத் தக்கபடி முள்ளைச் சரியான இடத்தில் நிறுத்த வேண்டும். அந்த ஒரு வேலையைத்தான் அக்கா செய்தாள், படகுத்துறைக்கு நேரில் கொண்டுபோய், அங்கிருந்தவர்களோடு அரட்டையடித்துக்கொண்டே.

கோடை உச்சத்தில் ஒரு மதியம் அது நடந்தது. தகரக் கூரை போட்ட அலுவலகம் அடுப்பாக வெந்துகொண்டிருந்தது. அதிகாரி கண்ணாடியைத் தட்டிப் பார்த்தார். கறுப்பு முள் பித்தளை முள்ளை விட்டு இறங்கவே இல்லை. படகை அனுப்பினார். பாதி ஏரி தாண்டுவதற்குள் மலைக்காற்று இறங்கிவிட்டது. படகுக்காரர் எப்படியோ படகைத் திருப்பிக் கொண்டுவந்து சேர்த்தார். ஏறியிருந்தவர்கள் எல்லோரும் நனைந்ததோடு தப்பினார்கள். ஆனால் படகு துறையின் கல்தூணில் மோதப்போனபோது அவர் வலது கையைக் குறுக்கே கொடுத்துத் தள்ளியிருக்கிறார். கை நடுவில் சிக்கி நசுங்கிப்போயிற்று. விரல்கள் இனி முழுசாக மடங்குமா என்று சொல்ல முடியாது என்றார் டாக்டர்.

மறுநாள் காலை ஊசி ரொட்டிக் கடைக்கு ஒரு வெப்பமானி பொருத்தப் போயிருந்தாள். திரும்பி வந்தபோது பட்டறையில் படகுத்துறை அதிகாரி நின்றுகொண்டிருந்தார். ஸ்டூலில் படகுக்காரரின் மனைவி, முந்திய நாள் உடுத்திய சேலையோடு. அவள் கிளம்பியதுமே துறை ஆள் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போன காற்றழுத்தமானி அக்காவின் மேசை மேல் முதுகு திறந்து கிடந்தது. பக்கத்தில் பட்டப்பகலில் மேசை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கரண்ட் என்ன சும்மாவா வருகிறது என்று நினைத்தபடி ஊசி முதலில் அதை அணைத்தாள்.

"மதியம் பாக்கறேன், முள்ளு வெச்ச இடத்துலயே நிக்குது. ஒரு பொட்டு ஏறிக்கூட இருந்துச்சு" என்றார் அதிகாரி. "முள்ளை நம்பித்தானே அனுப்பினேன்? யாரு இதை ரிப்பேர் பண்ணது? மேலிடத்துக்கு நான் பதில் சொல்லணும். அவங்களுக்கும் நான் பதில் சொல்லணும்." ஸ்டூல் பக்கம் கை காட்டினார்.

அந்த அம்மாள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

அக்கா வாயைத் திறந்தாள். அவள் என்ன சொல்லப்போனாள் என்று கேட்க ஊசி காத்திருக்கவில்லை. அக்கா ஏதாவது உளறிப் பட்டறையின் பேரைக் கெடுத்துவிடுவாள் என்ற பயம் அவளை முந்திக்கொண்டது.

"கழட்டிச் சுத்தம் பண்ணது நான். அதுல தப்பு வர வழியே இல்ல. கடைசியா பின்னாடித் திருகைத் திருப்பினது இவதான். ஊர்க்கதை பேசிக்கிட்டே திருப்புவா. எத்தனை தடவை சொல்லியிருக்கேன்! இவளால எனக்குத் தலைகுனிவுதான்."

சொன்ன கணமே ஊசிக்கு ஒன்று உறைத்தது. திருகு தப்பானால் முள் நிற்கிற இடம்தான் மாறும். காற்று லேசாகும்போது இறங்குவது இறங்கத்தான் செய்யும். இது தொழில் தெரிந்த இரண்டு பேருக்கும் தெரியும். அதிகாரிக்குத் தெரியாது, அந்த அம்மாளுக்கும் தெரியாது. வாயிலிருந்து வந்ததைத் திரும்ப விழுங்க ஊசிக்கு மனசு வரவில்லை. அக்கா மறுத்துப் பேசுவாள், அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று நின்றாள்.

அக்கா அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு காற்றழுத்தமானியின் முதுகு மூடியை எடுத்து மெதுவாகப் பொருத்தினாள்.

"ஆமா. என் கைதான்" என்றாள்.

படகுக்காரரின் மனைவி அப்போதுதான் பேசினாள். "உங்க கை ரெண்டும் நல்லா இருக்கில்ல? அது போதும்."

அக்கா தன் கைகளைப் பார்த்தாள். பார்த்துவிட்டு அவற்றை மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

இனிமேல் துறைச் சாமானை அவள் தொடக் கூடாது, தங்கை மட்டும் பார்ப்பதாக இருந்தால் பார்க்கட்டும் என்று சொல்லிவிட்டு அதிகாரி போனார். ஊசிக்கு உள்ளுக்குள் அப்பாடா என்றிருந்தது. கொஞ்சம் திருப்தியாகக்கூட இருந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும், மறைத்து என்ன ஆகப்போகிறது.

கடைத்தெருவுக்கு வாய் உண்டு. ரொட்டிக் கடைக்காரர் வந்து, "என்னோடதை அக்கா தொடலையே?" என்று கேட்டுவிட்டுப் போனார். கிடங்குக்காரர் கேட்கக்கூட இல்லை, சாமானைத் திருப்பி எடுத்துக்கொண்டு போனார். அக்கா தன் மேசையைத் துடைத்து வைத்தாள். ரொட்டித் துணுக்கு ஒன்றுகூட இல்லை. காலையில் பட்டறையைப் பெருக்கிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போய்விடுவாள், படகுக்காரருக்குத் துணையாக. கேட்டால், "அந்தம்மா ஒண்டியா இருக்காங்கடி" என்பாள். ஊசி தெருவில் தலை குனிந்து நடந்தாள். அக்காவால் வந்த தலைகுனிவு என்று நடந்தாள்.

காற்றழுத்தமானி அலமாரியில் கிடந்தது. துறைக்கு அது வேண்டும், படகு நின்றுபோய்த் தீவுக்காரர்கள் தவித்தார்கள். ஒரு காலை ஊசி அதை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். கண்ணாடிக் கூண்டில் வைத்துக் காற்றை இழுத்தாள். முள் அழகாக இறங்கியது. விட்டாள், ஏறியது. குற்றம் சொல்ல இடமில்லை. டப்பி ஓட்டையில்லை, முள்ளை இழுக்கும் சங்கிலி சிக்கவில்லை. திருகும் தன் இடத்தில்தான் இருந்தது. அரட்டையடித்துக்கொண்டே அக்கா அதைச் சரியாகத்தான் திருப்பியிருந்தாள்.

அப்போதுதான் தகரக் கூரை ஞாபகம் வந்தது. கூடவே, சூட்டுப்பெட்டியில வெச்சுப் பாத்துடலாமா என்று அக்கா கேட்டதும். ஊசி எழுந்து பெட்டிக்குள் விளக்கைப் போட்டுக் கருவியை வைத்தாள். உட்கார முடியாமல் நின்றபடியே பார்த்தாள். சூடு ஏற ஏற முள்ளும் ஏறியது. நிற்கவில்லை, ஏறிக்கொண்டே போனது. வெளியே காற்று எவ்வளவு லேசாகியிருந்தாலும் இந்த ஏற்றம் அதை விழுங்கியிருக்கும்.

முதுகைத் திறந்தாள். பட்டையைக் கழற்றி இடுக்கியில் பிடித்து, பூட்டியிருந்த வாக்கிலேயே விளக்கின் பக்கத்தில் கொண்டுபோனாள். வளைந்தது. வளையக் கூடாத பக்கமாக வளைந்தது. பட்டையை அவள் தலைகீழாகப் பூட்டியிருந்தாள். வில் சொன்ன பொய்யைத் திருத்த வேண்டியது, அதற்கு ஒத்து ஊதியிருக்கிறது. எது மேல்பக்கம் என்று சொல்லத்தான் எவனோ ஒருவன் அங்கே அரத்தால் ஒரு கீறல் போட்டு வைத்திருந்தான். அதைக் கைப்பிசகு என்று நினைத்துத் தேய்த்து அழித்தது அவள். பூச்சு இரண்டு பக்கமும் ஒன்றுதான் என்று தெரிந்தும், விளக்கில் ஒரு தடவை காட்டிப் பார்க்காமல் பூட்டியதும் அவள்.

இடுக்கியில் பட்டை புரண்டது. கீழே இருந்த பக்கம் மேலே வந்தது. அதில் ஒரு கீறல்.

பழைய கீறல் இல்லை, அதைத்தான் அவள் அழித்துவிட்டாளே. இது புதுசு. உலோகத் தூள்கூட இன்னும் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. சரியான பக்கத்தில், சரியான முனையில், கோணல்மாணலாக ஒரு கீறல். அப்படி ஒரு கோணலை இந்த ஊரிலேயே ஒருத்திதான் இழுக்க முடியும். பட்டப்பகலில் ஏன் மேசை விளக்கு எரிந்துகொண்டிருந்தது என்று ஊசிக்கு இப்போது புரிந்தது. அதிகாரி வருவதற்கு முன்பே அக்கா திறந்திருக்கிறாள், சுட வைத்துப் பார்த்திருக்கிறாள், அடையாளம் போட்டிருக்கிறாள். இவள் வாயைத் திறந்தபோது அக்காவுக்கு எல்லாம் தெரியும்.

ஊசி அந்த ஸ்டூலில் உட்கார்ந்தாள். முகம் தீயாய் எரிந்தது. பட்டறையில் யாரும் இல்லை, ஆனாலும் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அக்காவை நினைத்து அவள் பட்ட வெட்கம் ஒவ்வொன்றும் திரும்பி வந்து தன் மேலேயே விழுந்தது. தேய்த்துத் தேய்த்துக் கண்ணாடியாக்கிய அந்தப் பட்டையில் தன் மூக்கு தெரிந்தபோது அதைச் சட்டென்று கவிழ்த்து வைத்தாள். பேசாமல் பட்டையைத் திருப்பிப் பூட்டிக் கொடுத்துவிடலாம், யாருக்குத் தெரியப்போகிறது என்றும் ஒரு நினைப்பு வந்தது. வந்ததுதான். அதற்காகவும் அவள் வெட்கப்பட்டாள்.

பட்டையை ஒரு தீப்பெட்டியில் போட்டுக்கொண்டு படகுத்துறைக்கு நடந்தாள். அதிகாரியிடம் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். அவர் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "அன்னைக்கு அவ்வளவு பேசினீங்களே அம்மா" என்றார். அதற்கு மேல் அவர் எதுவும் கேட்கவில்லை, திட்டியிருந்தால் தேவலை. அங்கிருந்து ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

வார்டில் சன்னல் ஓரக் கட்டில். படகுக்காரர் கட்டுப்போட்ட கையைத் தலையணை மேல் வைத்துக்கொண்டு சாய்ந்திருந்தார். அக்கா அவருக்கு ஏதோ கதை சொல்லிக்கொண்டிருந்தாள். அவர் சிரிப்பை அடக்க முடியாமல், "வேணாங்க்கா, சிரிச்சா கை வலிக்குது" என்றார். அவர் மனைவி மட்டும் சன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். அக்கா கொண்டுவந்த ஃப்ளாஸ்க்கைத் தொடாமல் தன் டம்ளரில் குழாய்த் தண்ணீர் வைத்திருந்தாள்.

ஊசி கட்டிலின் காலடியில் போய் நின்றாள். அக்கா அவள் முகத்தைப் பார்த்தாள், கையில் இருந்த தீப்பெட்டியைப் பார்த்தாள்.

"அடியே, வேணாம். வீட்டுல பேசிக்கலாம்."

"இங்கதான் பேசணும்" என்றாள் ஊசி. பக்கத்துக் கட்டில்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "தப்பு பண்ணது நான். அந்தக் கருவிக்குள்ள இருக்கற ஒரு பட்டையை நான் தலைகீழாப் பூட்டிட்டேன். அதனாலதான் சூட்டுல முள்ளு இறங்கல. அக்கா சரியாத்தான் பண்ணா. சூட்டுல வெச்சுப் பாக்கலாம்னு சொன்னதும் அவதான், வேணாம்னது நான். அன்னைக்கு உங்க முன்னால அவ மேல பழியைப் போட்டேன். போடும்போதே அது சரியில்லன்னு எனக்குத் தெரியும்."

படகுக்காரர் தன் கட்டைப் பார்த்தார். அவர் மனைவி எழுந்தாள். தன்னை அறையப்போகிறாள் என்று ஊசி நினைத்தாள், அறைந்தால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தாள். ஆனால் அந்த அம்மாள் ஊசி அங்கே நிற்பதாகவே காட்டிக்கொள்ளவில்லை. அவளைத் தாண்டிப் போய் அக்காவின் முன்னால் நின்றாள்.

"உங்களையா நான் அப்படிக் கேட்டேன்?" குரல் உடைந்தது. அக்காவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"விடுங்க. நீங்க கேக்காம வேற யாரு கேப்பாங்க" என்றாள் அக்கா.

கொஞ்ச நேரம் கழித்து அக்கா டம்ளர்களை எடுத்துக்கொண்டு வெளித் தாழ்வாரக் குழாய்க்குப் போனாள். ஊசி பின்னாலேயே போனாள்.

"ஏன் சொல்லல? நீ சொல்லியிருந்தா..."

"நீ வந்ததும் தனியாக் காட்டலாம்னுதான் பட்டையைப் பழையபடியே பூட்டி வெச்சேன். அதுக்குள்ள அவங்க வந்துட்டாங்க. அப்புறம் நீ வந்தே." அக்கா டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தாள். "அத்தனை பேர் முன்னால அவமானப்பட்டா நீ தாங்க மாட்டேடி. எனக்கென்ன, பழக்கம்தானே. தினமும் உன்கிட்ட வாங்கறதுதானே."

குத்திக் காட்டவில்லை அவள். தண்ணீர் சூடாக இருக்கிறது என்பதுபோலச் சாதாரணமாகத்தான் சொன்னாள். ஊசி சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

அக்கா ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு தீப்பெட்டியை வாங்கித் திறந்தாள். பட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"பாரேன், கீறல் கோணலா விழுந்துடுச்சு. உனக்குக் கோணல் ஆகாதேன்னு நேரா இழுக்கத்தான் பாத்தேன். வரலடி."

"நேராத்தான் இருக்கு" என்றாள் ஊசி.